செரி என்று தலையாட்டியவர்கள்

எங்கள் ஊரில் செரி என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. பெண் கேட்டு வந்தவர்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், சும்மா வழி கேட்டு வந்தவர்கள் என்று யார் வந்து எதைக் கேட்டாலும் நாங்கள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல் தெரியச் சிரித்து, செரிங்க செரிங்க என்போம். அவர்களும் கரட்டுப்பாளையத்து ஜனங்களைப் போலத் தங்கமான ஜனங்களை எங்கும் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டு தவறான பாதையில் போவார்கள். காவிரி வளைகிற இடத்திலிருந்து கரட்டுக் குன்று வரைக்கும் நானூறு தறிக்குடோன், குடோனுக்குப் பன்னிரண்டு தறி, ஒவ்வொரு தறியிலும் நிமிஷத்துக்கு நூற்று இருபது தடவை ஊடை நூல் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டு ஓடும். பதினாறு வயதில் தறிக்கு வந்தவனுக்கு முப்பதில் குருவி கேட்காது, நாற்பதில் பெண்டாட்டி கேட்காது, ஐம்பதில் தறி மட்டும்தான் கேட்கும். குடோனுக்குள் உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வோம். பறக்கிற பஞ்சுக்குப் பயந்து வாயில் துணி கட்டியிருந்தால் அதற்கும் வழியில்லை, கண்ணைப் பார்ப்போம், கண்ணில் கேள்வி மாதிரி ஏதாவது தெரிந்தால் செரி என்போம். செவிடு என்று பெயர் வாங்குவதைவிடச் சம்மதித்துவிட்டுப் போவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

ஆடி மாதம் மூன்றாம் செவ்வாயன்று, பராமரிப்புக்காகக் காலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்த கரண்டு மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தது, நானூறு குடோனும் ஒரே மூச்சில் அடிக்க ஆரம்பித்தன, அந்தச் சத்தம் அதுவரை விழுங்கி வைத்திருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் கேட்டவள் பொங்கியம்மாள். மூன்றாம் நம்பர் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவளிடம் அவள் மாமியார் வந்து, "பொங்கியா, கஞ்சி ஆறுது, வந்து ஒரு வாய் குடிச்சுட்டுப் போ" என்றாள். "வர்றனுங்க அத்தை" என்று தறியை நிறுத்திவிட்டு வீடு வரைக்கும் நடந்து போன பிறகுதான் மாமியார் செத்துப் பதினான்கு வருஷமாகிறது என்பது பொங்கியம்மாளுக்கு ஞாபகம் வந்தது. வந்தது வந்தாயிற்று என்று அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, குடித்துவிட்டு, திரும்பி வந்து தறியை ஓட்டினாள்.

ஏன் இப்படி என்று யாரும் ரொம்பக் குடையவில்லை. வயர்மேன் டிரான்ஸ்ஃபார்மரைச் சொன்னார், பூசாரி அம்மனைச் சொன்னார், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னதால் தகராறு வரவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது அதன் நடைமுறைதான், அது பத்து நாளில் பிடிபட்டுவிட்டது. எந்தத் தறியடியில் நின்றபோது சொன்னார்களோ அந்தத் தறியடியில்தான் வார்த்தை வரும். யாரிடம் சொன்னார்களோ அவருக்கு மட்டும்தான் வரும், பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் தறிச் சத்தம்தான், செல்போனில் பதிவு பண்ணிப் பார்த்தாலும் அதேதான். அன்று கேட்காமல் போனது மட்டும்தான் வரும், கேட்டதெல்லாம் வராது. பழையது முதலில், புதியது பின்னால், ஒரு நாளைக்கு ஒரு மாதத்துப் பேச்சு என்ற கணக்கில் வரிசையாக வரும். எல்லாக் குடோனும் முழுசாக ஓடினால்தான் வரும். ஒரே ஒரு தடவைதான் வரும்.

டீக்கடை ராயப்பன் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கவிட்டு, இன்றைக்கு எந்த வருஷத்து எந்த மாதம் ஓடுகிறது என்று காலையில் எழுதி வைத்தார். சாப்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்த ஊர், வந்துச்சா என்று கேட்க ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதிருந்த குப்பண்ணன், தம்பி அன்றே மன்னிப்புக் கேட்டிருந்ததைத் தறியடியில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவன் வீட்டுக்குப் போனார். தம்பி, நான் எப்போது கேட்டேன், எனக்கு ஞாபகமில்லையே என்று முறைத்துக்கொண்டே பழத்தை வாங்கி வைத்தான். முதலாளிமார்கள் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று. அந்தக் காலத்தில் அவர்கள் திட்டியதற்கெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டே செரிங்க என்றிருந்தோமே, அது இப்போது அசல் வார்த்தையாக வந்து விழுந்ததும், என்னை எருமை என்றீர்களாமே என்று ஆள் ஆளாகப் போய் நிற்க ஆரம்பித்தார்கள். கடைசியில் எங்கள் குடோன் முதலாளி பழனிவேலு, 'இதற்கு முன் பேசிய அனைத்துக்கும் வருந்துகிறேன்' என்று போர்டு எழுதி வாசலில் மாட்டினார். கோயில் கமிட்டி கூடி, தறியில் வந்த வார்த்தையை வைத்து எந்தப் பஞ்சாயத்தும் கூடாது என்று தீர்மானம் போட்டது. பாதிப் பேருக்குத் தீர்மானம் கேட்கவில்லை, செரி என்று கையைத் தூக்கினார்கள்.

கொடுமை அங்கேதான் இருந்தது. சின்ன வயசுக்காரர்களுக்குக் காது நன்றாக இருந்தது, ஆனால் அவர்களுக்கு வரவேண்டிய வார்த்தை அதிகமில்லை. வார்த்தை பூராவும் வரவேண்டியிருந்தவர்களுக்குக் காது போயிருந்தது. சத்தத்துக்குள் தங்கள் பெயர் மட்டும் தட்டுப்படும், பெயருக்குப் பின்னால் என்ன வந்தது என்று தெரியாது. அம்மா கூப்பிட்டாள், என்னவோ கூப்பிட்டாள் என்று ஐம்பது வயது ஆட்கள் தறியைப் பிடித்துக்கொண்டு அழுததை நாங்கள் பார்த்தோம்.

ஏழாம் நம்பர் தறிக்காரர் அர்த்தநாரி அழவில்லை. ராயப்பன் கடைப் பலகையின் முன்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது ஒரே நாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அவர் மகள் சுகந்தி குடோனுக்குள் வந்தாள். வாயில் பஞ்சுக்குத் துணி கட்டியிருந்தாள். தறிக்கு அந்தப் பக்கம் நின்று என்னவோ சொன்னாள். அவர் அவள் கண்ணைப் பார்த்தார், செரி என்றார். அன்று சாயங்காலம் அவள் வீட்டில் இல்லை. தறி ரிப்பேருக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒருவனோடு மகாராஷ்டிரத்துத் தறி ஊரான பிவண்டிக்குப் போய்விட்டாள். நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் போனில் அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பாவைக் கேளும்மா, அவருக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்தாள். அவர் பெண்டாட்டி பாவாயி வந்து கேட்டாள். அண்ணன் தம்பிகள், பங்காளிகள் எல்லோரும் வீட்டில் கூடி நின்று, போய்க் கூட்டி வந்துவிடலாம், வேன் தயாராக இருக்கிறது, நீ என்னப்பா சொல்லியனுப்பினாய் என்று கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால் எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல வாய் வராமல், "ஆமா, நாந்தான் போகச் சொன்னேன்" என்றார் அர்த்தநாரி. அப்பனே சம்மதித்த பிறகு நாம் யார் என்று வேன் திரும்பிப் போயிற்று. இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து சுகந்தி செத்துப்போன செய்தி, எரித்து மூன்று நாள் கழித்து வந்தது. அன்றைக்குப் பாவாயி கேட்டாள், எதுக்குச் செரின்னீங்க என்று. அதன் பிறகு சோறு வேணுமா, தண்ணி வேணுமா என்பதற்கு மேல் அவரோடு பேச்சில்லை.

பலகைக் கணக்குப்படி அந்த ஆயுத பூஜை வர இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு நாள் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த, காது பரிசோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் ஹெப்சி, நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். நாங்கள் காது டீச்சர் என்போம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகாமில் அறுபது பேருக்குக் காது மெஷின் கொடுத்துவிட்டுப் போனவள் அவள்தான். அறுபது பேரும் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்துவிட்டோம். மெஷின் மகளின் குரலையும் பெரிசாக்கியது, மிக்சியையும் பெரிசாக்கியது, தெருவில் போன லாரியைக் கொண்டுவந்து மண்டைக்குள் நிறுத்தியது. இப்போது அறுபது டப்பாவும் திறந்தன. அர்த்தநாரிதான் வரிசையில் முதல் ஆள்.

"சத்தத்துக்குள்ள பேச்சுக் கேக்கோணும் டீச்சர். மத்ததெல்லாம் எப்படியோ போவுது" என்றார்.

"மெஷினால மட்டும் முடியாது ஐயா" என்றாள் ஹெப்சி. "சத்தத்துல இருந்து பேச்சைப் பிரிச்சு எடுக்கிறது காது இல்ல, மூளை. உங்க மூளை இருபது வருஷமா அந்த வேலையைச் செய்யல, மறந்துபோச்சு. தினம் பழக்கினா கொஞ்சம் திரும்ப வரும். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"கொஞ்சம் போதுமுங்க."

"இன்னொண்ணு. குடோனுக்குள்ள மெஷினைப் போட்டுட்டு நிக்கக் கூடாது. இருக்கிற காதும் போயிரும்."

"ஒரு நாளுங்க டீச்சர். ஒரே ஒரு நாள்."

ஹெப்சி அவர் மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். செரி என்று சொல்லவில்லை, எங்கள் ஊர்க்காரி இல்லையே. சத்தத்தைக் குறைத்து வைத்துத் தருகிறேன், அந்த ஒரு நாளுக்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது என்று பேசி முடித்தாள்.

பயிற்சி பால்வாடிக் கட்டடத்தில் நடந்தது. ஹெப்சி முகத்துக்கு முன்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு, உதடு தெரியாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், தப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும், பாதிதான் கேட்டது என்றால் பாதியைச் சொல்ல வேண்டும், புரியவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்ல வேண்டும். தலையாட்டுவது மட்டும் கூடாது. முதல் வாரம் முழுக்க அறுபது தலைகளும் ஆடிக்கொண்டுதான் இருந்தன. குப்பண்ணன் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் அமைதியில் சொன்னாள், பிறகு ஃபேனைப் போட்டுச் சொன்னாள், பிறகு ரேடியோவை வைத்துச் சொன்னாள், பிறகு பஸ் ஸ்டாண்டுக்கே கூட்டிப் போய்ச் சொன்னாள். "சத்தத்தை விரட்டாதீங்க, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். குரலை மட்டும் பிடிச்சுக்கிட்டே வாங்க" என்பாள். அருமையான பாப்பா என்று அவள் சொன்னதை எருமைப் பால் என்று அர்த்தநாரி திருப்பிச் சொன்னபோது கட்டடமே சிரித்தது, காது கேட்காதவர்களும் சிரித்தார்கள்.

ஆவணி முடிந்தும் தேர்ச்சி பாதியைத் தாண்டவில்லை. ஹெப்சிக்குக் காரணம் ஒரு நாள் பிடிபட்டது. அவள் சொல்வது புத்தகத் தமிழ், அதிலும் நாகர்கோவில் இழுப்பு. இவர்களுக்கு வரப்போகும் வார்த்தையோ ஆத்தாளும் மச்சானும் மகளும் பேசிய பேச்சு. உங்கள் வீட்டு ஆட்களே வந்து சொல்லட்டும், பழகின குரலைத்தான் மூளை முதலில் பிடிக்கும் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். அர்த்தநாரியைத் தனியாக நிறுத்தி, "உங்க மகள் குரல் யாரு குரல் மாதிரி இருக்கும் ஐயா?" என்று கேட்டாள்.

"அவ அம்மா கொரலுதானுங்க. போன்ல பேசுனா ஆருன்னு தெரியாது."

அப்படித்தான் பாவாயி அவரோடு மறுபடி பேச வேண்டி வந்தது. முதல் நாள் அடுப்படியில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, தினசரிக் காலண்டரைக் கிழித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ராசிபலனை வாசித்தாள். மேஷத்துக்கு வெற்றி, ரிஷபத்துக்குப் பயம், மிதுனத்துக்குச் சுகம் என்று ஒற்றை ஒற்றை வார்த்தையாக இருந்ததால் அதைவிடத் தோதான பாடம் வேறில்லை. பயம் என்றால் அவர் ஜெயம் என்பார், லாபம் என்றால் பாவம் என்பார். "பயமுங்க, பயம்" என்று எரிச்சலோடு மறுபடி சொல்வாள். அதற்கப்புறம் டிவியை வைத்துவிட்டு வாசித்தாள், அதற்கப்புறம் மிக்சியில் மிளகாய் அரைத்துக்கொண்டே வாசித்தாள். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டில் அத்தனை பேச்சு இருந்ததில்லை. பக்கத்து வீட்டில் என்ன, தினமும் சண்டையா என்று விசாரித்தார்கள்.

இருபதாம் நாள், மிக்சியை நிறுத்திவிட்டு, காகிதத்தை இறக்கி, அவள் கேட்டாள்.

"அவ என்ன சொன்னான்னுதான் உங்களுக்குத் தெரியுமே. தெரிஞ்சுதான செரின்னீங்க. மறுக்கா எதுக்குங்க கேக்கோணும்?"

தலையாட்ட முடியாத இடமாக அது இருந்தது. "எனக்குத் தெரியாது பாவாயி" என்றார் அர்த்தநாரி. "அன்னிக்கி ஒண்ணுமே காதுல உளுகல. சும்மா தலைய ஆட்டிப்போட்டேன்."

"பொறவு நாந்தான் போகச் சொன்னேன்னு அத்தன பேருகிட்டயும் சொன்னீங்க."

"செவிடன்னு ஆயிருமேன்னு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் எழுந்து போய், காலியாக இருந்த மிக்சியைத் திருகிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் என்னவோ சொன்னாள். தோள் குலுங்கியது. என்ன என்று கேட்டார், ஒண்ணுமில்லீங்க என்றாள். அதன் பிறகு எட்டு நாள் அவள் காலண்டரைக் கிழிக்கவில்லை. ஒன்பதாம் நாள் தானாகவே வந்து மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, எட்டு நாள் தாளையும் சேர்த்துக் கிழித்து, டிவியையும் மிக்சியையும் ஒன்றாக ஓடவிட்டு, ராசிபலனை மூலையில் வைத்துவிட்டு, "அப்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ உங்கள அப்படித்தான கூப்புடுவா. டீச்சர் சொன்னாங்க, அவளாட்டமே சொல்லோணும்னு." மறுபடி காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, சாப்புட்டீங்களா. அப்பா, ரேசனுக்குப் போயிட்டு வர்றனுங்க. அப்பா, என்ற செருப்பு பிஞ்சுபோச்சு." கட்டின புருஷனை அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்த நாங்கள் யாரும் அதைக் கேலி பேசவில்லை. கார்த்திகை முடிவதற்குள் பத்து வாக்கியம் சொன்னால் ஏழு வாக்கியத்தை அவர் சரியாகத் திருப்பிச் சொன்னார். ஹெப்சி சோதித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் நான் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லி மெஷினின் சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தாள்.

மார்கழி எட்டாம் தேதி ராயப்பன் கடைப் பலகையில் அந்த வருஷமும் புரட்டாசி மாதமும் வந்தன. ராயப்பன் அதற்குக் கீழே தானாகவே, 'இன்று யாரும் தறியை நிறுத்த வேண்டாம்' என்று எழுதியிருந்தார். எழுதியிருக்கவே வேண்டாம். அர்த்தநாரிக்கு இன்றைக்கு என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. காய்ச்சலில் கிடந்தவர்கள்கூட எழுந்து வந்து தறி ஓட்டினார்கள், பாவு நூல் தீர்ந்துபோன தறிகளை வெறுமனே ஓடவிட்டார்கள், நானூறு குடோனில் ஒரு குடோன்கூட அன்று ஓயவில்லை. பாவாயியைக் குடோனுக்குள் வந்து நிற்கச் சொன்னோம். அவளுக்கு அங்கே எதுவும் கேட்கப்போவதில்லை, வெளியே கொழாயடியில் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அர்த்தநாரி மெஷினை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் தறியில் நின்றார். சத்தம் சுவர் மாதிரி வந்து மோதியது. அதை விரட்டாமல் அது பாட்டுக்குக் கிடக்கவிட்டார். மத்தியானம் வரைக்கும் உதிரியாகச் சிலது வந்தன. நாடாவுல தார் நூலு தீர்ந்துபோச்சு பாருங்க என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டீ ஆறுதுண்ணா என்று யாரோ. ஒன்றரை மணிக்குப் பழனிவேலுவின் குரல், "நாளைக்குப் பூசை, சுண்ணாம்பு அடிக்கோணும், நேரத்துல வந்துரு" என்றது. அடுத்தது அதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்டதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகியிருந்ததால் அவர் உதடு தயாராகப் பிரிந்திருந்ததைப் பக்கத்துத் தறிகளிலிருந்து நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சொல்லச் சொல்ல உதட்டைப் படித்துத்தான் எங்களுக்கு அது தெரியும்.

"அப்பா" என்றார். பிறகு, "இங்க ஒண்ணும் கேக்காது. வெளிய வாங்கப்பா. நான் கொழாயடியில நிக்கறேன்."

எங்களில் சிலர் அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எனக்கு என்ன பண்றதுன்னு தெரீல. நீங்க வந்தீங்கன்னா நான் போகலீங்கப்பா. வர்றீங்களா?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் உதடு அசையவில்லை. அந்த இடைவெளியில்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் தலையாட்டியிருந்தார்.

"செரிங்கப்பா. நிக்கறேன்."

தறியை ஓடவிட்டபடியே விட்டுவிட்டு எந்தத் தறிக்காரனும் நகர மாட்டான். அர்த்தநாரி நகர்ந்தார். இரண்டு வரிசைத் தறிகளுக்கு நடுவில் பஞ்சு பறக்க ஓடினார், ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை, ஓடும்போது வாய்விட்டு, "வந்துட்டேன் அம்மிணி, இரு, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே போனார். தறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. வாசலைத் தாண்டி, வெயில் கண்ணைக் கூச, கொழாயடிக்குப் போய் நின்றார். அங்கே பாவாயி நின்றிருந்தாள்.

மூச்சு வாங்கி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, "என்ன சொன்னாளுங்க?" என்றாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் அப்படியே திருப்பிச் சொன்னார். சொல்லி முடிந்ததும் அவள் கொழாய்த் திண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

அவர் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி நான் தண்ணிக்கு வந்தனே. இங்கதான் நின்னா, பையக் கால்கிட்ட வெச்சுக்கிட்டு. ஏங்கண்ணு வெயில்ல நிக்கறீன்னு கேட்டேன். அப்பா வர்றாரும்மா, செரின்னு சொல்லிட்டாருன்னா. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. பூசைச் சாமான் வாங்க ரெண்டு பேரும் போறீங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சு நான் கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டேன். பொறவு நீங்க நாந்தான் போகச் சொன்னேன்னீங்க. வந்து பேசித்தான் அனுப்பிச்சிருக்கீங்கன்னு இருந்துட்டேன். நீங்க வரவே இல்லைங்கறது அடுப்படியில மிக்சிய நிறுத்திப்போட்டுக் கேட்டனே, அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாலு மணிக்கு மறுக்கா தண்ணிக்கு வந்தேன். அப்பவும் நின்னுக்கிட்டிருந்தா. நான் அவகிட்ட ஒண்ணும் கேக்கல."

அர்த்தநாரிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கேட்டும், இன்னொரு தடவை சொல்லு என்றார். அவள் முதலிலிருந்து சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினார்.

"நாலு மணிக்கும் நின்னாளா?" என்றார்.

"நின்னாளுங்க" என்றாள் பாவாயி.